ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

செப்டம்பர் 9, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் விதைக் கம்பெனிக்காரன் கொடுத்தான். இதுவரை ஒரு பக்கம்கூடத் தொடவில்லை. இன்று தொடங்கக் காரணம் டாக்டர். "பிரஷர் ஏறியிருக்குதுங்க, கடையில கத்தறதக் குறைச்சுக்கோங்க" என்றார். கத்தாமல் தாராபுரத்தில் விதை வியாபாரம் பண்ண முடியுமா என்று அவரிடம் யார் சொல்வது? வாயால்தானே கத்தக் கூடாது என்றார். இதில் கத்திக்கொள்கிறேன்.

இன்றைக்குக் கத்த வேண்டியது வலைப்பதிவைப் பற்றி.

எதிர்க்கடைத் திருமூர்த்தி போன வருஷம் ஏசி போட்டுக் கடை திறந்தான். செல்போனில் வீடியோ விடுகிறான். தக்காளிச் செடியைத் தடவிக்கொண்டு, "நண்பர்களே" என்கிறான். என் வாடிக்கையில் பாதி அவனுக்கு நண்பர்களாகிவிட்டது. நான் சைக்கிளில் பாக்கெட் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாக விற்று மேலே வந்தவன். கேமரா முன்னால் செடியைத் தடவ எனக்கு வராது. "எழுத்துல போடலாமுங்க மாமா. தினமும் போன்ல சொல்றதையே ஒருக்கா எழுதி வெச்சா எல்லாரும் படிச்சுக்குவாங்க" என்றாள் கோகிலவாணி. என் மகன் சம்சாரம். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான், இவள் கடையில் பில் போடுகிறாள்.

சரி என்றேன். அங்கேயே தப்பு.

உள்ளே நுழைந்ததுமே யார் யார் என்ன பயனர் என்று கேட்கிறது.

"நீங்க நிர்வாகிங்க மாமா. நான் தொகுப்பாளரா இருந்துக்கறேன்."

"தொகுப்பாளர்னா என்ன பண்ணலாம்?"

"நானே எழுதி நானே வெளியிடலாம். வர்ற மறுமொழிக்குப் பதில் போடலாம்."

"அதுக்குக் கீழ?"

"எழுத்தாளர். தான் எழுதுனத மட்டும் வெளியிடலாம்."

"அதுக்கும் கீழ?"

கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பங்களிப்பாளர். எழுதி வெச்சுட்டுக் காத்திருக்கோணும். நிர்வாகி பாத்து விட்டாத்தான் வெளிய வரும்."

"அதப் போடு உனக்கு."

"அதுக்கும் கீழ சந்தாதாரர்னு ஒண்ணு இருக்குதுங்க. வெறுமனே படிச்சுட்டுப் போகலாம். அத்தைக்கு அதைப் போட்டரட்டுங்களா?"

சமையலறையிலிருந்து என் சம்சாரம் சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. கடையில் என் கண் படாமல் ஒரு பாக்கெட் வெளியே போனதில்லை. இதிலும் அப்படித்தான்.

கடவுச்சொல்லுக்கு என் கடைப் பெயரை அடித்தேன். சிவப்பில் 'பலவீனம்' என்று வந்தது. இத்தனை வருஷக் கடை. பலவீனமாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் திறந்தால் நான் ஒரு வரி எழுதும் முன்பே ஒருவன் வந்து மறுமொழி போட்டிருக்கிறான். 'வணக்கம், இது ஒரு மறுமொழி.' முகம் இல்லை, சாம்பல் நிறத்தில் மண்டை மட்டும்.

"யாரு கண்ணு இவன்? போன் நம்பர் இருக்குதா?"

"அது ஆளில்லீங்க மாமா. மாதிரிக்குத் தானா வர்றது."

"ஆளில்லாம எப்படிப் பேச்சு வரும்?"

நீக்கினேன். என் முதல் நிர்வாகம்.

'யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கடை என்றால் நாலு பேர் வரத்தானே என்று டிக் அடித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் பயனர் பட்டியல் நீண்டு கிடக்கிறது. ஒருவன்கூடத் தாராபுரம் தாலுகா இல்லை. வாயில் நுழையாத பெயர்கள். ஒருவன் முடி வளரும் மருந்து விற்கிறான், இன்னொருவன் கடன் தருகிறானாம். கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டு டிக்கை எடுத்தாள். அத்தனை பேரையும் ஒவ்வொருவராகத் துரத்த எனக்கு ஒரு மணி நேரம் போனது. அதற்குள் பில் கவுண்டரில் கூட்டம் நின்று இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மறுமொழி அமைப்பு. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் பதில் சொன்னேன்.

மறுமொழி போட மின்னஞ்சல் கட்டாயமா? நம்ம ஆட்களுக்கு மின்னஞ்சல் கிடையாது. எடுத்துவிடு. பெயர், ஊர், போன் நம்பர் எழுதச் சொல்லு. பதிவு செய்தவர் மட்டும்தான் மறுமொழி போடலாமா? வேண்டாம், பட்டது போதும். மறுமொழி வந்தால் நிர்வாகிக்குத் தகவல் வரட்டுமா? வரட்டும்.

'ஒவ்வொரு மறுமொழிக்கும் நிர்வாகியின் ஒப்புதல் தேவை.'

"இதப் போடு" என்றேன்.

"இது வேண்டாமுங்க மாமா. ஒருத்தர் கேட்டது ஒடனே அடுத்தவங்களுக்குத் தெரியோணும். அதுக்குத்தான் இந்த எடமே. ஒருத்தர ஒருக்கா விட்டுட்டா, அடுத்த தடவ அவரு தானாப் போட்டுக்கலாம்னு ஒரு வழி இருக்குது, அதையாச்சும் வெச்சுக்கலாம்."

"கவுண்டர்ல நின்னு ஒருத்தன் 'உன் வெத மோசம்'னு கத்துனா, பக்கத்துல நிக்கறவன் வாங்குவானா?"

அவளுக்குத் தெரியும். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. குறை சொல்லி வருகிறவரைக் கவுண்டரில் நிற்க விடமாட்டேன். மூட்டைக்குப் பின்னால் உள்ளறை இருக்கிறது. "உள்ள வாங்க, உக்காருங்க" என்று கூட்டிப்போய்க் காபி வரவழைத்து, முழுக்கக் கேட்டு, ஒரு பாக்கெட் மாற்றிக் கொடுத்து, பின்வாசல் வழியாகத் தோளில் கை போட்டு அனுப்பி வைப்பேன். வந்தவர் சந்தோஷமாகப் போவார், கவுண்டரில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. என் கடை வளர்ந்ததே அந்த உள்ளறையில்தான். அந்த அறை இதிலும் இருக்கிறதென்றால் விடுவேனா?

டிக் அடித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அது அவள் பேசுவது.

முதல் பதிவு: மழைக்குப் பிறகு பந்தல் பீர்க்கன் ஊன்றுவது எப்படி. நான் சொன்னேன், அவள் எழுதினாள், நான் வெளியிட்டேன். பச்சைப் பாக்கெட் பீர்க்கன் புது லாட் வந்து இறங்கியிருக்கிறது என்று கடைசியில் சேர்த்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 14, சனி

விலக்க வேண்டிய சொற்களைப் போட்டு வைத்தால் அந்தச் சொல் இருக்கிற மறுமொழி நேராகக் குப்பைக்குப் போய்விடுமாம். நல்ல ஏற்பாடு. போலி, மோசம், ஏமாத்து என்று வரிசையாகப் போட்டேன். கடைசியில் திருமூர்த்தி என்றும் போட்டேன். அவன் ஆள் வைத்து எழுதச் சொல்வான் என்று தெரியும்.

மதியம் வாய்க்கால் பாசனக்காரர்கள் நாலைந்து பேர் போன் பண்ணிவிட்டார்கள். "ஏனுங்க, திருமூர்த்தி அணைத் தண்ணி எப்ப வருதோ, அதுக்குத் தகுந்தாப்ல ஊனலாமான்னு கேட்டிருந்தனுங்களே, காணமுங்க?" அணையையே குப்பையில் போட்டிருக்கிறேன். கோகிலவாணி சிரித்துச் சிரித்து பில் மிஷின் மேல் சாய்ந்துவிட்டாள். அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். எதிர்க்கடைக்காரனுக்கு அணைக்கட்டுப் பெயர் வைத்த அவன் அப்பனைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

நல்ல மழை. பச்சைப் பாக்கெட் பெட்டி பெட்டியாகப் போகிறது.

செப்டம்பர் 19, வியாழன்

ஒப்புதலுக்கு ஒரு மறுமொழி. ஊத்துப்பாளையம் செல்லமுத்து. 'பீர்க்கன் ஊனி ஒரு வாரம் ஆச்சுங்க. நூத்துக்குப் பத்துக்கூட முளைக்கல.'

உடனே போன் போட்டேன். கடைக்கு வந்தார். உள்ளே கூட்டிப்போனேன்.

"தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க."

"மழைத் தண்ணிதானுங்க."

"குழியில பச்சை எரு போட்டீங்களா?"

"மக்குன எருதானுங்க போட்டன். நான் என்ன புதுசா வெள்ளாம பண்றனா?"

"பாருங்க, இத்தன பேரு வாங்கிட்டுப் போனாங்க, ஒருத்தரும் குறை சொல்லல. உங்களுக்கு மட்டுந்தான். ஆனா நம்ம ஆளு நீங்க, உட்ற மாட்டன்."

பாக்கெட் மாற்றிக் கொடுத்தேன். காபியைக் குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். மறுமொழியை நீக்கிவிட்டேன். வேலை சுலபம்.

செப்டம்பர் 21, சனி

இன்னும் இரண்டு பேர். ஒருவர் மூலனூர்ப் பக்கம், ஒருவர் பெயரே எழுதவில்லை. பெயர் எழுதாதவன் நிச்சயம் எதிர்க்கடை ஆள். மூலனூர்க்காரரைக் கூப்பிட்டேன், உள்ளறை, காபி, பாக்கெட். உங்களுக்கு மட்டுந்தானுங்க என்று சொன்னேன். இரண்டையும் நீக்கினேன்.

மாற்றிக் கொடுத்தது எல்லாம் அதே பெட்டியிலிருந்துதான். வேறு லாட் கையில் இல்லை. விதையில் குற்றமில்லை என்றபோது எந்தப் பெட்டியாயிருந்தால் என்ன?

செப்டம்பர் 23, திங்கள்

இந்த நீக்கு, ஒப்புக்கொள், எரிதம் (வேண்டாத விளம்பரக் குப்பைக்கு இதில் அதுதான் பெயராம்) என்ற மூன்று பொத்தானையும் எறும்பு அளவுக்கு வைத்திருக்கிறான். கண்ணாடி போட்டாலும் விரல் மாறி விழுகிறது. பாராட்டி வந்த ஒன்றே ஒன்றை எரிதத்தில் போட்டுவிட்டேன், தேடி எடுக்க அரை மணி நேரம்.

அதைத் தேடும்போது இன்னொன்று நின்றிருந்தது. வெள்ளக்கல் வலசு ரங்கநாயகி. இந்தம்மா என்னிடம் பல வருஷமாக விதை வாங்குகிறது. வீட்டுக்காரர் போன பிறகு ஆடு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த வருஷம்தான் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்து, ஆட்டை விற்றுப் பந்தல் போட்டது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்ததை அதுவே கடையில் வந்து பெருமையாகச் சொன்னது.

எழுதியிருப்பது இது: 'குழி எடுத்து எருப் போட்டு எல்லாம் ரெடி பண்ணிட்டனுங்க. இன்னொரு மழை வருதுன்னாங்க. பச்சைப் பாக்கெட் பீர்க்கன் புது லாட் யாராச்சும் ஊனியிருக்கீங்களா? முளைப்பு எப்படிங்க இருக்குது? பாத்துட்டு ஊனலாம்னு இருக்கறன்.'

இது புகார் இல்லை, கேள்வி. புகார் என்றால் உள்ளே கூட்டிப்போகலாம். கேள்வியை எங்கே கூட்டிப்போவது? இதை வெளியே விட்டால் கீழே வந்து பத்துப் பேர் வாய் திறப்பார்கள். நீக்கவும் இல்லை, விடவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கடவுச்சொல் மறந்துவிட்டது.

செப்டம்பர் 25, புதன்

கடவுச்சொல்லை மாற்றக் கோகிலவாணியிடம் போகவில்லை. போனால் நிர்வாகி பக்கத்தைத் திறப்பாள். நானே மல்லுக்கட்டி, ஆளா மிஷினா என்று சோதிக்க அது காட்டிய கார் படமெல்லாம் தேடிச் சொடுக்கி, பஸ்ஸும் காரும் வேறு என்று அதற்குப் புரிய வைத்து, சாயங்காலம் உள்ளே போனேன். இன்னும் மூன்று மறுமொழிகள். எல்லாம் பீர்க்கன்.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்து, முளைக்கிறதா பார்க்க ஈரச் சாக்கில் முடிந்து உள்ளறையில் வைத்தேன். சும்மாத்தான்.

கம்பெனி ரெப்புக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, எங்கயுமே கம்ப்ளைன்ட் இல்லீங்களே. உங்க ஏரியால மட்டுந்தான் சொல்றீங்க. தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பாங்க."

"மழைத் தண்ணிப்பா."

"உங்க கடை நம்ம கடைங்ணா. உட்ற மாட்டோம். பத்துப் பெட்டி மாத்தி அனுப்பறோம்."

"எந்த லாட்ல இருந்து அனுப்புவ?"

 "பாத்து அனுப்பறனுங்ணா" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னையே உள்ளறையில் உட்கார வைத்துக் காபி கொடுக்கிறான் பொடியன். உடுமலையில் விதைக்கடை வைத்திருக்கிற தண்டபாணியைக் கூப்பிட்டேன். "எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னானுங்க, உங்க ஏரியால மட்டுந்தான்னு. நானும் நம்பிட்டு உக்காந்திருக்கறன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். நேர்மை இல்லாத வியாபாரம் என்று தண்டபாணி சொன்னார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மழை. கோகிலவாணி கேட்டாள், "மாமா, பதிவு போட்டு இத்தன நாளாச்சு, அந்த ஒரு பாராட்டத் தவிர ஒரு மறுமொழிகூடத் தெரியலீங்க. போட்டாக் காணாமப் போகுதுன்னு கடைக்கு வர்றவங்க சொல்றாங்க."

"சர்வர் மெதுவா இருக்கும்."

"சர்வரா?" என்றாள்.

செப்டம்பர் 28, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சந்தை நாள், கவுண்டரில் நல்ல கூட்டம். செல்லமுத்து வந்தார். கையில் நான் மாற்றிக் கொடுத்த பாக்கெட்டின் வெறும் உறை. வேட்டி மடியில் எதையோ முடிந்திருந்தார்.

"வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று எழுந்தேன்.

"உள்ள வரலீங்க. இங்கயே நிக்கறனுங்க."

"காபி சொல்றன், வாங்க."

"காபி போன தடவ குடிச்சதே இன்னும் நெஞ்சுல நிக்குது. இங்கயே சொல்றன், கேட்டுக்கோங்க." மடியைப் பிரித்துக் கவுண்டர் மேல் கொட்டினார். மண்ணோடு தோண்டி எடுத்த விதைகள். விரலால் அமுக்கினார். நைந்து குழகுழவென்று பிதுங்கியது. "ரெண்டாவது பாக்கெட்டும் இதே கதைதானுங்க. எனக்கு மட்டுந்தான்னீங்க. எனக்கு மட்டும் ரெண்டு தடவ வருமுங்களா?"

உரப் பையைத் தோளில் போட்டு வெளியே போய்க்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். எனக்கு யாரென்று தெரியவில்லை. "உங்களுக்கும்ங்களா?" என்றார். "நான் எழுதிப் போட்டனே, வரவே இல்ல. எங்க காட்டு மண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு எங்க வீட்ல தெனமும் பேச்சு. மண்ண மாத்தோணும்னு டிராக்டருக்கு வேற சொல்லியிருக்கறன்."

"எத்தன பேருக்குங்க இப்படி?" என்று கூட்டத்தில் ஒருவர்.

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பேச வாய் வரவில்லை. டாக்டர் இருந்தால் பாராட்டியிருப்பார். கோகிலவாணி பில் போடுவதை நிறுத்திவிட்டு, பச்சைப் பாக்கெட் பெட்டியைக் கவுண்டரிலிருந்து இறக்கி மேஜைக்கு அடியில் தள்ளினாள். நான் சொல்லவில்லை. தானாகச் செய்தாள்.

கூட்டம் போன பிறகு உள்ளறைக்குப் போய் ஈரச் சாக்கைப் பிரித்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கடை விடுமுறை. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கோகிலவாணியைக் கூப்பிட்டேன். "இத வந்து பாரு."

ஒப்புதலுக்குக் காத்திருப்பவை என்ற பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. ரங்கநாயகி பெயர் வந்ததும் விரல் நின்றது.

"இந்தக்கா எப்ப கேட்டாங்க மாமா?"

"இப்பத்தான் பாக்கறேன். பொத்தான் எல்லாம் எறும்பாட்டம் இருக்குது, எங்கயோ மாட்டிக்கிச்சு."

போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ரங்கநாயகி எடுத்தது. "சொல்லுங்ணா, பார்த்து ரொம்ப நாளாச்சு. ஊனிட்டனுங்ணா. வெள்ளிக்கெழம மழைக்கே ஊனிட்டன். உங்க பக்கத்துல கேட்டிருந்தன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. செரி, குறை இருந்தா யாராச்சும் சொல்லியிருப்பாங்கல்ல, அண்ணன் கடை வெதைதானன்னு பூராத்தையும் ஊனிப்போட்டன். ஏனுங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. நேர்ல வர்றன்" என்று வைத்துவிட்டேன்.

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்தம்மா நினைத்திருக்கிறது. அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். எல்லாம் இந்தப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். ஒரு டிக்கை எடுக்க இத்தனை தடுமாற்றம் எனக்கே புதுசு. எடுத்தால் மட்டும் போதாது, கீழே 'மாற்றங்களைச் சேமி' என்று அமுக்க வேண்டுமாம். முதல் தடவை அமுக்காமல் விட்டு, மறுபடி போய்ப் பார்த்தால் டிக் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கிறது.

நின்றிருந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். குப்பையில் போட்டதையும் எடுத்து விட்டேன். பெயர் எழுதாதவனையும். அவன் எதிர்க்கடை ஆள் இல்லை, ஊரும் போன் நம்பரும் போட்டிருந்தான், நான்தான் கீழே வரை படிக்கவில்லை.

விலக்கிய சொற்கள் பட்டியலையும் அழித்தேன். அது பிடித்து வைத்திருந்ததில் 'திருட்டுப்பய சென்னியப்பன்' என்று என் பெயரைப் போட்டே ஒன்று வெளியே வந்தது. வரட்டும்.

பிறகு பதிவு. "பச்சைப் பாக்கெட் பீர்க்கன், இந்த மாதம் வந்த லாட், ஊன்ற வேண்டாம். ஊன்றாத பாக்கெட் இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். ஊன்றி முளைக்காதவர்கள் இங்கேயே எழுதுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்." கோகிலவாணி எழுதிக் கொடுத்துவிட்டு என் ஒப்புதலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்து அவளை நிர்வாகியாக மாற்றினேன்.

"எனக்கு எதுக்குங்க மாமா?"

"நான் திரும்பவும் அந்த டிக்கை அடிச்சா எடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

மதியம் ரெப் போன். "அண்ணா, அந்தப் பதிவக் கொஞ்சம் எடுத்துருங்க. மேல இருந்து கேக்கறாங்க. நேர்ல வந்து பேசிக்கலாம்."

"வா. கவுண்டர்ல நின்னு பேசலாம்."

வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

காலை முதல் பாக்கெட் திரும்பி வருகிறது. ஊன்றாமல் வைத்திருந்தவர்கள்தான் அதிகம், நல்ல வேளை. ஒரு தாத்தா மட்டும் பாக்கெட்டை வைத்துவிட்டு, "எதிர்க்கடையில இதே கம்பெனி இல்லீங்களே?" என்று கேட்டார். அவன் கடைக்கே அனுப்பி வைத்தேன், வேறு கம்பெனி விதை அங்கேதான் இருக்கிறது. என் வாயால் திருமூர்த்தி கடைக்கு ஆள் அனுப்புவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அக்டோபர் 3, வியாழன்

வெள்ளக்கல் வலசு போனேன். வேறு கம்பெனி விதை, எதிர்க்கடையில் நானே கவுண்டரில் நின்று வாங்கியது. திருமூர்த்தி பில்லில் என் பெயரை எழுதிவிட்டு, "வீடியோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். பொறுத்துக்கொண்டேன்.

பந்தல் நன்றாகத்தான் இருக்கிறது. கல்லுக்கால் நேராக, கம்பி விறைப்பாக. கீழே குழி குழியாகக் காய்ந்த மண். முளைத்தது அங்கொன்று இங்கொன்று. ரங்கநாயகி ஒரு குழியைக் கையால் கிளறி எனக்குக் காட்டியது. நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கும் என்று.

"இதை ஊனுங்க. நல்ல வெதை."

"ஊனலாமுங்ணா. ஈரம் போயிருச்சு, கெணத்துல இருக்கறத எறைக்கோணும். எறைச்சாலும் காய் கார்த்திகை பொறக்கறதுக்குள்ள வராது. கார்த்திகை விரத வெலைய நம்பித்தான் ஆட்டக் குடுத்தன்." சொல்லிவிட்டுக் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தது. அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் கேக்கறனுங்ணா. நான் கேட்டதுக்குக் கீழ, 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது'ன்னு என் போன்ல காட்டிட்டே இருந்துச்சு. தெனமும் எடுத்து எடுத்துப் பாப்பன். அது யாரு ஒப்புதலுங்க?"

"கம்ப்யூட்டர் கோளாறுங்க. எனக்கு வந்து சேரவே இல்ல."

"அப்படிங்களா" என்றது. பம்பு செட் போட உள்ளே போய்விட்டது.

அக்டோபர் 5, சனி

சந்தை நாள். கூட்டத்துக்கு நடுவில் கோகிலவாணி போனை நீட்டினாள். "மாமா, இதப் பாருங்க."

பதிவுக்குக் கீழே மறுமொழிகள் வரிசையாக இருந்தன. எத்தனை குழி போச்சு, எந்த ஊர், யாருக்கு மறு விதை கிடைத்தது என்று அவர்களே பேசிக்கொள்கிறார்கள். ஊத்துப்பாளையம் செல்லமுத்து யாருக்கோ தன் கிணற்றுத் தண்ணி தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒன்று.

'நான் செப்டம்பர் இருபத்தி மூணாந் தேதியே இங்க கேட்டிருந்தனுங்க. ஊனலாமான்னு. ஒப்புதலுக்குக் காத்திருக்குதுன்னே காட்டுச்சு. அண்ணன் கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னாரு. அப்ப மத்தவங்க எழுதுனதும் கோளாறுல மாட்டிக்கிச்சுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரங்கநாயகி, வெள்ளக்கல் வலசு.'

அதற்குக் கீழே அதற்குள் மூன்று பேர். 'எனக்கும் அப்படித்தானுங்க.' 'எனக்கும்.' 'சென்னியப்பண்ணன் பதில் சொல்லட்டும்.'

கோகிலவாணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கோளாறுன்னே போட்டரட்டுங்களா மாமா? நான் எழுதிர்றன். இல்ல, இத எடுக்கோணும்னா எடுத்தர்லாம், ரெண்டு பேருக்கும் அதிகாரம் இருக்குது."

அவள் சோதிக்கிறாளா, உதவுகிறாளா என்று தெரியவில்லை. நீக்கு பொத்தான் அந்த வரிக்குக் கீழேயே இருந்தது. எறும்பு அளவுதான். இந்தத் தடவை விரல் மாறி விழாது என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது.

"கொண்டா, நானே அடிக்கறேன்."

கவுண்டரில் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். தமிழில் அடிக்க எனக்கு நேரம் பிடிக்கும். முதலில் பெரிதாக ஏதோ எழுதினேன். கம்பெனி ஏமாற்றியது, எனக்கும் நஷ்டம், நாற்பது வருஷ நேர்மை என்றெல்லாம். படித்துப் பார்த்தேன். உள்ளறையில் பேசுகிற பேச்சு. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

'கோளாறு இல்லீங்க. ரங்கநாயகியம்மா கேட்டதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நிறுத்தி வைத்தேன். மற்றவர்கள் எழுதியதையும் நான்தான் நிறுத்தினேன். சென்னியப்பன்.'

அமுக்கினேன். யாருடைய ஒப்புதலையும் கேட்காமல் அடுத்த நொடியே எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போய் நின்றுகொண்டது. முன்னால் நின்ற ஆள் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.